தாய்லாந்தில் சடங்கு நடந்தது, பதிவு நடக்கவில்லை: அது திருமணமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தம்பி பாங்காக்கில் வேலை பார்க்கிறார். கோன் கேன் மாகாணத்துப் பெண் ஒருவரை அந்தப் பெண்ணின் சொந்த ஊரில் வைத்து மணந்திருக்கிறார். பிக்குகள் ஓதினார்கள், பெரியவர்கள் மணிக்கட்டில் நூல் கட்டினார்கள், ஊர் கூடிச் சாப்பிட்டது. பெண் வீட்டாருக்குப் பணமும் பெண்ணுக்குத் தங்கமும் கொடுத்தாகிவிட்டது. அரசு அலுவலகப் பக்கம் மட்டும் இருவரும் இன்னும் போகவில்லை. இப்போது பெண் கருவுற்றிருக்கிறார். "ஊரறியக் கல்யாணம் நடந்திருக்கிறது, படம் இருக்கிறது, சாட்சி சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். பதிவைப் பிறகு மெதுவாகச் செய்துகொண்டால் ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊர்க் கண்ணில் அவர்கள் கணவன் மனைவி. தாய்லாந்துச் சட்டத்தின் கண்ணில் உங்கள் தம்பி இன்றைக்கும் பிரம்மச்சாரிதான். அந்நாட்டின் சிவில் மற்றும் வணிகச் சட்டத் தொகுப்பின் 1457ஆம் பிரிவு, பதிவு செய்தால் மட்டுமே திருமணம் நிகழும் என்கிறது. எத்தனை பிக்குகள் வந்தாலும், எத்தனை லட்சம் பாட் கை மாறினாலும், எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலும் இந்த ஒரு வரி வளைந்து கொடுக்காது. நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்தால் தானாகவே தம்பதி ஆகிவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். தாய்லாந்தில் அப்படி ஒரு வழியே கிடையாது.

நம்மூர்க்காரர்களுக்கு இது புரியக் கொஞ்சம் நேரம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாம் பழகியிருப்பது இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. இந்து திருமணச் சட்டத்தில் சடங்குதான் திருமணத்தை உண்டாக்குகிறது. பதிவு அதற்கு ஆதாரம் மட்டுமே. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கிய பிறகும், பதியவில்லை என்பதற்காக ஒரு திருமணம் செல்லாமல் போவதில்லை. 2024இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், சடங்கு எதுவும் நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கிவைத்திருந்தால் அது இந்துத் திருமணமே ஆகாது என்று சொன்னது. இந்தப் பழக்கத்தோடு தாய்லாந்துக்குப் போகிறவர், பெரிய வேலை முடிந்துவிட்டது, காகித வேலைதான் பாக்கி என்று நினைப்பது இயல்பு. அங்கே சட்டப்படி பெரிய வேலை அந்தக் காகிதம்தான்.

அதற்காகச் சடங்கு வெறும் அலங்காரம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் இடம் என்ன என்று தெரிந்தால், தம்பி மனைவியின் பெற்றோர் ஏன் பதிவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்பதும் புரியும்.

முதலில் பிக்குகள். தேரவாத மரபில் பிக்கு யாருக்கும் கல்யாணம் செய்துவைப்பதில்லை. பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளான விநயத்தில் சங்காதிசேசம் என்ற கடுமையான பிரிவு ஒன்று உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே தூது போய்ச் சேர்த்து வைப்பதை அது பிக்குகளுக்குத் தடை செய்கிறது. அதனால் கல்யாண வீட்டுக்கு வரும் பிக்குகள் செய்வது ஆசி வழங்குவது மட்டுமே. காலையில் வந்து, சாய் சின் என்ற வெள்ளை நூலைக் கையில் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்து பரித்தம் என்ற காப்புப் பாடல்களை ஓதுவார்கள். மணமக்கள் ஒரே கரண்டியை இருவருமாகப் பிடித்துப் பிக்குகளின் பாத்திரத்தில் சோறு இடுவார்கள். பிக்குகள் உண்டு முடித்து, மந்திர நீர் தெளித்துவிட்டு, நண்பகலுக்குள் கிளம்பிவிடுவார்கள். மணமக்களின் நெற்றியில் வெள்ளைச் சாந்தால் மூன்று புள்ளி வைக்கும்போது கவனித்திருந்தால் தெரியும். பிக்கு பெண்ணைத் தொடக் கூடாது என்பதால், மணமகனின் கையைப் பிடித்து, அந்த விரலாலேயே மணமகளின் நெற்றியில் புள்ளி வைக்கச் செய்வார். சம்மதம் கேட்பதோ "இன்றிலிருந்து நீங்கள் தம்பதி" என்று அறிவிப்பதோ அங்கே கிடையாது.

திருமணத்தை நடத்துகிறவர்கள் குடும்பத்துப் பெரியவர்கள்தான். மத்திய தாய்லாந்தில் மணமக்களின் தலையில் நூல் வளையம் ஒன்றை ஆளுக்கொன்றாக வைத்து, இரண்டையும் ஒரே நூலால் இணைப்பார்கள். இருவரும் கை கூப்பி உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சங்கிலிருந்து அந்தக் கைகளில் நீர் வார்ப்பார்கள். உங்கள் தம்பி மணந்திருப்பது இசான் எனப்படும் வடகிழக்குப் பகுதியில். அங்கே கல்யாணத்துக்குக் 'கின் டோங்' என்று பெயர். அதன் உயிர்நாடி சூ குவான் சடங்கு. வாழையிலையைக் கூம்பாகத் தைத்துப் பூ சொருகிய தட்டை நடுவில் வைத்து, மோ பிராம் எனப்படும் ஊர்ப் பெரியவர் ஒருவர், மணமக்களின் உயிர்ச்சக்தி உடலை விட்டு அலையாமல் வந்து தங்கும்படி லாவோ மொழிச் செய்யுள் சொல்லி அழைப்பார். அவர் பிராமணராகப் பிறந்தவர் அல்லர். பெரும்பாலும் இளமையில் பிக்குவாக இருந்துவிட்டுத் துறவறம் விட்டு வந்த விவசாயியாக இருப்பார். அவித்த முட்டையை மணமக்களுக்கு ஊட்டுவார்கள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொல்லி மணிக்கட்டில் பருத்தி நூல் கட்டுவார்கள். குறைந்தது மூன்று நாளாவது அதைக் கழற்றக் கூடாது. இது முடிந்ததும் அந்த ஊருக்கு உங்கள் தம்பி மருமகன். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அதனால்தான் பதிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சரி, இவ்வளவு அழுத்தமான சடங்கு இருக்கும்போது சட்டம் ஏன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை? பதில் வரலாற்றில் இருக்கிறது. 1805இல் தொகுக்கப்பட்ட மூன்று முத்திரைச் சட்டம், ஒருவருக்குப் பல மனைவியர் இருக்கலாம் என்று ஏற்றது. பெற்றோர் கொடுத்து வந்த முதன்மை மனைவி, துணை மனைவி, விலைக்கு வாங்கிய அடிமை மனைவி என்று தரம் பிரித்துச் சொத்துரிமையும் வகுத்திருந்தது. மேற்கத்திய நாடுகளோடு சயாம் செய்திருந்த சமனற்ற ஒப்பந்தங்களிலிருந்து விடுபட, அந்நாடுகள் ஏற்கும்படியான நவீனச் சட்டத் தொகுப்பு தேவைப்பட்டது. குடும்ப வாழ்வைப் பற்றிய ஐந்தாம் நூல் 1935 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு ஒரே துணை, அதுவும் பதிவின் மூலம் மட்டும் என்பது அன்றிலிருந்துதான். எனக்குப் படுவது இது: சடங்கை ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எத்தனையாவது சடங்கு சட்டத்துக்குரியது என்று நீதிபதி எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒருதார மணத்தை நிலைநிறுத்த அரசுக்கு ஒரு பதிவேடு தேவைப்பட்டது.

அரச குடும்பத்துக்கும் இதில் விலக்கு இல்லை. 1950 ஏப்ரல் 28 அன்று ஸ்ரா பதும் அரண்மனையில் மன்னர் பூமிபோலும் சிரிகிட்டும் மணந்தபோது, மன்னரின் பாட்டியார் புனித நீர் வார்த்தார். மணமக்கள் திருமணப் பதிவேட்டிலும் கையெழுத்திட்டார்கள். 2019 மே 1 அன்று இப்போதைய மன்னர் சுதிதாவை மணந்தபோதும் பதிவேட்டில் கையெழுத்து, சாட்சிகள் எல்லாம் இருந்தன.

இனி உங்கள் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கொடுத்தது இரண்டு வகை. பெண்ணுக்குப் போட்ட தங்கம் கோங் மன், அதாவது நிச்சயப் பொருள். பெற்றோருக்குக் கொடுத்த பணம் சின்சோட். கல்யாணத்தன்று அந்தப் பணத்தைத் தட்டில் விரித்து, எல்லோர் முன்பும் எண்ணி, அரிசியும் எள்ளும் பூவும் தூவி, பெண்ணின் தாய் துணியில் மூட்டையாகக் கட்டித் தோளில் தூக்குவார். கனம் தாங்கவில்லை என்பதுபோல் தள்ளாடி நடக்க வேண்டும். செல்வம் பெருகும் என்பது நம்பிக்கை. இந்த இரண்டுக்குமே சட்டத்தில் 1437ஆம் பிரிவில் இடம் உண்டு. பெண் தரப்பின் காரணத்தால் திருமணம் நடக்காமல் போனால் சின்சோட்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இங்கே 'திருமணம்' என்றால் பதிவு. சடங்கு முடித்துச் சேர்ந்து வாழத் தொடங்கி, இருவருமே பதிவைப் பற்றி அக்கறை காட்டாமல் இருந்துவிட்டால், பிறகு மனக்கசப்பில் பிரியும்போது சின்சோட்டைத் திருப்பிக் கேட்க முடியாது என்பது தாய்லாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளில் எடுத்துவரும் நிலை. பதியலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் பெண் காரணமின்றி மறுத்தால் மட்டும் கதை வேறு. உங்கள் தம்பிக்கு இந்த நிலை வராது என்று நம்புகிறேன். இருந்தாலும் கொடுத்த பணமே திருமணத்துக்கு ஆதாரம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு.

சொத்து விஷயம் இதைவிட முக்கியம். பதிவான தம்பதி திருமணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது சின் சோம்ரோட், அதாவது இருவரின் பொதுச் சொத்து. மணவிலக்கு ஆனால் சரிபாதி. பதிவுக்கு முன் வைத்திருந்தது அவரவர் தனிச்சொத்து. பதியாதவர்களுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. சேர்ந்து உழைத்து வாங்கியதைக் கூட்டு உடைமையாக நீதிமன்றம் பார்க்கும். ஆனால் சேர்ந்துதான் உழைத்தோம் என்பதைக் கேட்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். சொத்து ஒருவர் பெயரிலேயே இருந்தால் அது நீண்ட போராட்டம். சடங்கு நடந்த நாளுக்கும் பதிவு நாளுக்கும் இடையில் வாங்கியதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வாரிசுரிமையில் இன்னும் கடுமை. பதிவான துணைக்கு, பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளைக்குச் சமமான பங்கு உண்டு. பதியாதவருக்கு உயில் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. உங்கள் தம்பிக்கு ஏதாவது நேர்ந்தால், அவருடைய வங்கிக் கணக்கில் இருப்பதற்கு அந்தப் பெண் உரிமை கோர முடியாது. நாளைக்கு இருவருக்கும் மனம் ஒத்துப்போகாமல் அவர் வேறொரு பெண்ணை முறைப்படி பதிந்துகொண்டால், சட்டம் அதைத் தடுக்காது. ஏனென்றால் ஏட்டில் அவருக்கு மனைவி இல்லை. அதற்கு மேலும் ஒன்று: பதிவான துணை, தன் துணையோடு உறவு வைத்திருக்கும் மூன்றாம் ஆள்மீது 1523ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டு வழக்குப் போடலாம். முதலில் நூல் கட்டிக்கொண்டு வந்த பெண், பின்னால் பதிந்த பெண்ணின் வழக்கில் 'மூன்றாம் ஆளாக' நிற்க நேரலாம். பத்து வருடம் குடித்தனம் செய்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அநீதி என்று யோசித்துப் பாருங்கள். பதிவைத் தள்ளிப்போடுவதில் ஆபத்து அதிகம் அந்தப் பெண்ணுக்குத்தான். உங்கள் தம்பியிடம் இதை நீங்கள் அக்காவாக அழுத்திச் சொல்லலாம்.

அவசரம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் குழந்தை. பதியாத தம்பதிக்குப் பிறக்கும் குழந்தை 1546ஆம் பிரிவுப்படி தாயின் சட்டபூர்வக் குழந்தை மட்டுமே. பிறப்புச் சான்றிதழில் தந்தை என்று உங்கள் தம்பி பெயர் இருக்கலாம், அவருடைய குடும்பப் பெயரையே கூடக் குழந்தைக்கு வைக்கலாம். அதனால் மட்டும் அவர் சட்டப்படி தந்தை ஆகிவிட மாட்டார். வளர்ப்புரிமை முழுவதும் தாயிடம் இருக்கும். இதைச் சரிசெய்ய மூன்று வழி உண்டு: பெற்றோர் பிற்பாடு திருமணத்தைப் பதிவது, தந்தை குழந்தையைத் தன் பிள்ளையாகப் பதிவது, நீதிமன்றத் தீர்ப்பு. முதல் வழிதான் எளிது. பெற்றோர் பதிந்துவிட்டால் குழந்தை பிறந்த நாளிலிருந்தே சட்டபூர்வக் குழந்தை ஆகிவிடும். இரண்டாவது வழிக்குத் தாய் மட்டும் சம்மதித்தால் போதாது. குழந்தையும் சம்மதிக்க வேண்டும். கைக்குழந்தை எப்படிச் சம்மதிக்கும்? அதனால் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டிவரும்.

தம்பிக்கு வேலை போனால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். இப்போது அவர் விசா வேலையோடு ஒட்டியது. தாய்லாந்துக் குடிமகளின் கணவர் என்ற முறையில் தங்க அனுமதி கேட்டால், குடிவரவு அலுவலகம் பதிவுச் சான்றிதழைக் கேட்கும். கூடவே வங்கியில் 4 லட்சம் பாட் இருப்போ மாதம் 40,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். நூல் கட்டிய படத்தை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்.

தாய்லாந்துக்காரர்களிலேயே பதியாமல் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். அது அங்கே அவமானம் இல்லை. பதிந்த மனைவி பொதுச் சொத்தான நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கணவரின் சம்மதம் தேவை என்பது சிலருக்குத் தொல்லை. ஒரு காலத்தில் பதிந்ததும் மனைவி கணவரின் குடும்பப் பெயரை ஏற்றே ஆகவேண்டும் என்று இருந்தது. 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நீக்கியது. வெளிநாட்டவரை மணந்த பெண்கள் நிலம் வாங்க முடியாது என்ற நடைமுறை 1990களின் கடைசி வரை இருந்ததால், இசானில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் பதிவே வேண்டாம் என்று ஒதுங்கிய குடும்பங்கள் உண்டு. இப்போது வாங்கலாம். வாங்கும் பணம் மனைவியின் தனிச்சொத்து, தனக்கு அதில் உரிமை இல்லை என்று கணவர் நில அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பி மனைவியின் வீட்டில் பழைய பயம் இன்னும் இருந்தால், இதை அவர்களிடம் விளக்கச் சொல்லுங்கள். பதியாதவர்களைச் சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவும் இல்லை. 2007ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பதியாமல் கணவன் மனைவியாக வாழ்கிறவர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது.

பதிவின் மதிப்பை யாராவது குறைத்துப் பேசினால் எனக்கு 2025 ஜனவரி 22தான் நினைவுக்கு வரும். ஒருபாலினத் தம்பதிகளுக்கும் திருமண உரிமை தந்த சட்டத் திருத்தம் அன்று நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அதுவே முதல். ஒரே நாளில் 1,800க்கும் மேற்பட்ட இணைகள் பதிந்தார்கள். நூல் கட்டிக்கொள்ளவோ விருந்து வைக்கவோ அவர்களைச் சட்டம் அதற்கு முன்பும் தடுத்ததில்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியது அந்த ஒரு கையெழுத்துக்காக, அதோடு வரும் வாரிசுரிமைக்கும் சொத்துரிமைக்கும் மருத்துவமனையில் துணைக்காக முடிவெடுக்கும் உரிமைக்குமாக. சட்டத்தில் 'கணவன், மனைவி' என்று இருந்த இடங்களில் இப்போது 'துணைவர்' என்று பொதுவாக இருக்கிறது. திருமண வயதும் 17இலிருந்து 18 ஆகிவிட்டது.

மதச் சடங்குக்கே சட்ட வலு உள்ள இடம் தாய்லாந்தில் ஒன்று உண்டு. பட்டானி, யாலா, நராத்திவாட், சட்டூன் ஆகிய நான்கு தென் மாகாணங்களில், வழக்கில் இருப்பவர்கள் முஸ்லிம்களாக இருந்தால், குடும்ப விஷயத்திலும் வாரிசு விஷயத்திலும் இஸ்லாமியச் சட்டமே பொருந்தும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்குள்ள நீதிமன்றங்களில் தாதோ யுத்தித்தாம் என்ற இஸ்லாமிய நீதிபதிகள் உட்காருகிறார்கள். அந்த மாகாணங்களுக்கு வெளியே முஸ்லிம்களும் பதிய வேண்டும். தேவாலயத்தில் மணப்பவர்கள், பாங்காக் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அதே விதிதான்.

பதிவு நடைமுறை கடினம் இல்லை. முதலில் இந்தியத் தூதரகத்தில், அவர் திருமணமாகாதவர், மணக்கத் தடை இல்லை என்பதற்கான சான்று வாங்க வேண்டும். அதைத் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்த்து, பாங்காக் சேங் வத்தனாவில் உள்ள வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகப் பிரிவில் சான்றொப்பம் பெற வேண்டும். அதன் பிறகு ஏதாவது ஒரு வட்ட அலுவலகத்துக்கு (மாகாணங்களில் அம்ப்போ, பாங்காக்கில் கேட்) கடவுச்சீட்டு, பெண்ணின் அடையாள அட்டை, வீட்டுப் பதிவுப் புத்தகம், இரண்டு சாட்சிகளோடு போகலாம். தம்பிக்குத் தாய்லாந்து மொழி சரளமாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளரும் தேவை. அலுவலகத்திலேயே பதிந்தால் கட்டணம் கிடையாது. பதிவாளர் இருவரின் சம்மதத்தையும் கேட்டு, முன்பு மணமானவர்களா, பிள்ளைகள் உண்டா என்று விசாரித்து, கோ ரோ 2 என்ற பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு கோ ரோ 3 சான்றிதழ் தருவார். பூ வரைந்த அழகான காகிதம் அது. இந்தியாவில் காட்டுவதற்கு அதை ஆங்கிலத்தில் பெயர்த்து மறுபடியும் வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் வாங்கிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த நாளுக்கு முன்பே இருவரும் பேசி முடிக்கவேண்டியது ஒன்று உண்டு. சொத்து பற்றித் திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம் வேண்டும் என்றால், பதிவின்போதே அதைப் பதிவேட்டில் குறிக்கவோ இணைக்கவோ வேண்டும். பதிவுக்குப் பிறகு எழுதினால் அது திருமண ஒப்பந்தமாகச் செல்லாது. ஏற்கெனவே உள்ளதை மாற்றவும் நீதிமன்ற அனுமதி தேவை. தனக்கென்று வயலோ வீடோ வைத்திருக்கும் பெண்ணுக்கு இதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

கடைசியாகப் பெயர். நம் ஊர்க் கடவுச்சீட்டுகளில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கும், சில சமயம் காலியாகவே இருக்கும். தாய்லாந்துப் படிவங்கள் குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும். தூதரகச் சான்றின் மொழிபெயர்ப்பில் தம்பியின் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் எப்படி எழுதுகிறார்களோ, அதே எழுத்துதான் திருமணப் பதிவிலும் பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலையவேண்டியிருக்கும். வெளிநாட்டவர் பதிவுக்குக் கேட்கும் காகிதங்கள் வட்டத்துக்கு வட்டம் கொஞ்சம் மாறும் என்பதால், தம்பி மனைவியை முதலில் தொலைபேசியில் விசாரிக்கச் சொல்லுங்கள். பிரசவத் தேதிக்கு முன்பே முடித்துவிட்டால் குழந்தையின் காகிதங்களில் எதையும் திருத்தவேண்டி வராது.